வார்னிஷ் குடித்த ஆறுகள்

பிராங்கிளின் வார்னிஷ் அடித்த பலகைக்குள் தண்ணீர் இறங்காது. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஓர் ஆள், பட்டி பார்க்க ஓர் ஆள் என்று மாறி மாறி வருவார்கள். கடைசிப் பூச்சுக்கு மட்டும் "பிராங்கி வரட்டும்பா" என்று படகைக் கரையேற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முப்பது வருஷமாகச் சேர்த்த பெயர். அந்தக் கையால்தான் அவன் தன் மனைவியின் படங்களைக் கெடுத்தான்.

மனைவி ஜானட் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கல்மண்டபத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். பிராங்கிளினும் அப்படித்தான் கூப்பிடுவான். கல்யாணமான புதிதில் கிண்டலுக்குக் கூப்பிட்டது, இருபத்து மூன்று வருஷத்தில் செல்லப் பெயராகவே ஆகிவிட்டது.

பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதும் இல்லை. மே மாதம் பள்ளி மூடியதும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்கள். போகிற ஊரில் மலையும் ஆறும் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் டீச்சரின் நிபந்தனை. பாபநாசம், மேட்டுப்பாளையம், வால்பாறை, போடிக்கு மேலே குரங்கணி. எங்கே போனாலும் அவள் ஒரு பாறை பார்த்து உட்கார்ந்து, வாட்டர் கலரில் ஒரே ஒரு படம் வரைவாள். இவன் வெயிலுக்குக் குடை பிடிப்பான், பிரஷ் கழுவ மக்கில் தண்ணீர் மாற்றிக் கொடுப்பான். வருஷத்துக்கு ஒன்று. நடுவில் போக முடியாத வருஷங்கள் போக, பத்தொன்பது படங்கள் சேர்ந்திருந்தன.

"கடல வாசல்ல வச்சிகினு எவனாவது ஆத்தப் பாக்க ரயிலேறுவானாடா" என்று கீழ்வீட்டில் இருக்கும் அவனுடைய அக்கா வியாகுலம்மாள் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். கேட்டுவிட்டு, வழிக்குப் புளிசாதமும் கட்டித் தருவாள்.

ஜானட் ஆற்றை வரைவதே இல்லை. மலைக்கு நிறம் வைப்பாள், கரைக்கு வைப்பாள், பாறையின் நிழலுக்கு வைப்பாள். தண்ணீர் ஓடுகிற இடத்தை மட்டும் தொடாமல் வெறும் தாளாக விட்டுவிடுவாள். சுற்றிலும் நிறம் ஏற ஏற அந்த வெள்ளைத் தாள் தானாக ஓட ஆரம்பிக்கும். பிராங்கிளினுக்கு அது கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும்.

"எங்க பெயிண்ட்ல தப்பு பண்ணா மேல ஒரு கோட்டு போட்டு மறச்சிடுவோம்" என்று பீற்றிக்கொள்வான்.

"இதுல அது நடக்காதுங்க. வெளிச்சத்த முதல்லயே விட்டு வைக்கணும். கை பட்டுடுச்சின்னா அப்புறம் வராது" என்பாள்.

நூறு தடவை கேட்டிருப்பான். கேட்டதெல்லாம் காதோடு நின்றுபோனது.

அவன் நச்சரிப்பு தாங்காமல் ஒரே ஒரு தடவை கேன்வாஸ் துணியில் ஆயில் பெயிண்டில் ஒரு பெரிய படம் வரைந்தாள். நீலகிரியும் அதன் அடியில் பவானி ஆறும். அது காயப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அதற்குள் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் கிளப்பிய புழுதியும் கரியும் படத்தின் ஈர வானத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. உங்க ஊர்க் காத்துக்கு அஞ்சு நிமிஷத்துல காயுற வாட்டர் கலர்தான் சரி என்று சொல்லி அதோடு ஆயிலை விட்டுவிட்டாள். அந்தப் படம் மட்டும் கூடத்தில் மங்கலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற பத்தொன்பதும் ஓர் அட்டை ஃபைலில், பீரோவுக்குள், துணிகளுக்கு நடுவில் இருந்தன.

மார்ச் மாதம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் அவள் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது காலும் வலது கையும் போயின, பேச்சில் பாதி போனது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வருஷம் மே மாதம் ரயில் ஏறவில்லை.

பேச்சுக்கு மட்டும்தான் நம்பிக்கை கொடுத்தார்கள். பேச்சுப் பயிற்சி தருகிற பெண், அவருக்குப் பிடித்த படங்களைக் காட்டிக் காட்டிப் பேச வையுங்கள், ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பும், ஒருநாள் முழுசாகவே பேசுவார் என்று சொல்லியிருந்தாள். பிடித்த படத்துக்கு எங்கே போவது, பீரோவில் இருக்கிறதே. அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனால் பிராங்கிளின் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்காருவான். ஒரு படத்தை எடுத்து அவள் மடியில் வைப்பான். "மலை" என்பாள். "பாறை" என்பாள். கொஞ்சம் யோசித்து, "பாசி... வழுக்கல்" என்பாள். எட்டு மாதத்தில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிற அளவுக்கு வந்திருந்தாள். அந்தப் பத்தொன்பது தாள்களுக்குள்தான் அவளுடைய பேச்சு ஒளிந்திருந்தது. தினம் ஒரு பிடி வெளியே வந்துகொண்டிருந்தது.

நோயில் 'ங்க'வும் போய்விட்டது. வா, தா, உக்காரு என்றுதான் வரும். "இப்பத்தான் டீச்சர் நீ பொண்டாட்டி மாரி பேசுற" என்று அவன் சீண்டுவான். அவள் ஒரு பக்கத்து உதட்டால் சிரிப்பாள்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. கடலோர வீட்டில் மழைக்காலம் வந்தால் உப்பு டப்பாவில் உப்பு தண்ணீராகும், பீரோவுக்குள் துணி நாறும். ஒரு சாயங்காலம் பாபநாசம் படத்தை எடுத்தபோது அதன் வானத்தில் சாம்பல் நிறத்தில் நாலைந்து புள்ளிகள் இருந்தன. பூஞ்சை. ஜானட் அதை இடது கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"போகுமா" என்றாள்.

"நான் கீறேன்ல" என்றான் பிராங்கிளின்.

ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதுதானே அவன் பிழைப்பு. ஆனாலும் அவன் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற ஆள் இல்லை. முதலில் கூடத்தில் இருந்த ஆயில் படத்தை இறக்கி, ஈரத்துணியால் பதமாகத் துடைத்து, படகு வார்னிஷை நீர்க்கக் கலந்து ஒரு கை ஓட்டிப் பார்த்தான். மறுநாள் காய்ந்த பிறகு பார்த்தால் நீலகிரி நேற்று வரைந்தது போல எழுந்து நின்றது. கரி படிந்த வானத்துக்குக்கூட ஒரு பளபளப்பு வந்திருந்தது. ஜானட் அதைப் பார்த்து, "புதுசு" என்றாள். இடது கையால் அவன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டுத்தான் அவனை மீதிக்கும் துணிய வைத்தது.

அடுத்த வியாழக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள். பத்தொன்பதையும் முடித்து அன்றைக்கு அவள் மடியில் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அக்கா ஜானட்டை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும், ஃபைலைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போனான். கொட்டகைக்குள் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டித் தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டான். அவனோடு பட்டி பார்க்கிற மாசானம் வந்து எட்டிப் பார்த்தான்.

"தாளுக்கெல்லாம் அடிக்கலாமா மாமு?"

"எம்மாம் பெரிய படகு, அதுவே மொதக்குது. தாளு இன்னாடா பண்ணும்?"

அகலமான, மெத்தென்ற பிரஷ். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் பூசினான். பின்பக்கம் பென்சிலில் ஊரும் தேதியும் எழுதியிருந்த இடத்தில் அழுத்தாமல் ஓட்டினான். பூசப் பூச நிறங்கள் கண் முன்னால் ஆழமாயின. பச்சை கரும்பச்சை ஆனது. குரங்கணி மலை மழையில் நனைந்த மாதிரி நின்றது. மாசானம், கண்ணாடி மாரி கீது மாமு என்று சொல்லிவிட்டுப் போனான். பிராங்கிளினுக்கு, அவளுக்காகத் தன் கையால் செய்ய முடிந்த ஒன்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு கிடைத்துவிட்டது என்று இருந்தது. அன்று சாயங்காலம் அவள் "படம்?" என்று கேட்டதற்கு, பிரேம் போடக் குடுத்துக்கீறேன் டீச்சர் என்றான். அவள் கண்ணை அகல விரித்து, "எல்லாம்?" என்றாள். எல்லாந்தான் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கொட்டகைக்குப் போனான்.

கயிற்றில் தொங்கியவை படங்களாகவே இல்லை. பஜ்ஜி மடித்த தாள் எப்படி இருக்கும், அப்படி இருந்தன. தாள் வார்னிஷை ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தது. மலைகள் பழுப்புக்குள் முங்கிக் கிடந்தன. பின்பக்கத்துப் பென்சில் எழுத்து முன்பக்கத்து வானத்தில் இடவலமாகத் தெரிந்தது. வெள்ளையாக விட்டு வைத்திருந்த ஆறுகள் எல்லாம் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தன. எது கரை எது தண்ணீர் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான், அந்த நூறு தடவை கேட்ட வார்த்தை அவனுக்குப் புரிந்தது. ஆறு என்று அவள் வைத்திருந்தது தாளின் வெள்ளையைத்தான். அந்த வெள்ளை இனி எங்கேயும் இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசி ஒன்றாவது தப்பியிருக்கும் என்று ஒரு நப்பாசை. தப்பவில்லை. எதையும் அவன் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லையே.

திங்கட்கிழமை ஒரு படத்தைப் பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துப் பார்த்தான். கறை இன்னும் பரவியது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு பிரேம் கடைக்குப் போனான். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, யார் பண்ணது இது என்று கேட்டார். யாரோ என்றான். தாள் குடிச்சிடுச்சிண்ணா, உறிஞ்சினத வெளிய எடுக்க முடியாது, திரும்ப வரைஞ்சிக்கச் சொல்லுங்க என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தான். வெள்ளை எனாமலைக் கெட்டியாக எடுத்து, பாபநாசம் படத்தில் ஆறு ஓடிய இடம் என்று நினைத்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு பூச்சு இழுத்தான். ரோட்டில் போட்ட கோடு மாதிரி இருந்தது. கொட்டகை மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். மாசானம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கிட்டே வராமல் போய்விட்டான்.

வீட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் ஜானட் கதவைப் பார்த்தாள். "படம்" என்றாள். ஒருநாள், "கண்ணாடி போட்டு?" என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்துக் கேட்டாள். கண்ணாடி போட்டுத்தான் என்றான். படம் இல்லாததால் அக்கா ஒரு காய்கறி அட்டையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, இது இன்னா சொல்லு டீச்சர், இது இன்னா என்று கத்திரிக்காயைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜானட் மரியாதைக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நேற்று வரைக்கும் சுலபமாக வந்த வார்த்தைகள்கூடத் தடுக்கின.

புதன்கிழமை அவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வரும்போது அவள் அவன் கையைப் பிடித்தாள். மூக்கருகே கொண்டு போனாள். அவன் கையில் எப்போதும் அந்த வார்னிஷ் வாடைதான், இருபத்து மூன்று வருஷமாக அவள் மோந்து பார்த்துச் சிரிக்கிற வாடை. இன்று அவள் சிரிக்கவில்லை. கூடத்தில் பளபளக்கும் நீலகிரியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் அவன் கையைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவள் ஒன்றுடன் ஒன்றைச் சேர்ப்பதை அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் படம்" என்றாள். "வார்னிஷ்."

அவன் தட்டைக் கீழே வைத்தான். இல்லை என்று சொல்ல வாய் திறந்து, முடியாமல், ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"கொண்டா."

தார்ப்பாயில் சுற்றி மொட்டைமாடிக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துவந்து கட்டிலில் பிரித்தான். ஜானட் இடது கையால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். விறைத்த தாள்கள் அப்பளம் போலச் சத்தம் போட்டன. ஏதாவது சொல்லித் திட்டினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. ஈரம் ஏறக்கூடாதுன்னுதான் டீச்சர் என்று ஆரம்பித்தவன், அது தன் காதுக்கே கேவலமாகக் கேட்டதால் நிறுத்திக்கொண்டான். வெள்ளை எனாமல் இழுத்த பாபநாசம் வந்ததும் அவள் கை நின்றது.

"இது?"

"நான்தான். ஆறு போட்டுப் பாத்தேன்."

அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வாயில் இப்போதெல்லாம் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவள் அந்தப் படத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"சொல்லு" என்றாள்.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இத்தனை நாள் அவள் சொன்னாள், அவன் கேட்டான். இனி படத்தில் இல்லாததை அவன்தான் சொல்ல வேண்டும். அங்கே அவளோடு இருந்த ஆள் அவன் ஒருத்தன்தானே.

அவன் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாபநாசம். அன்னிக்கி நீ மஞ்சச் சேலை கட்டிகினு இருந்த. கால்ல கட்டெறும்பு கடிச்சி வீங்கிப் போச்சி. எந்திரி டீச்சர், எந்திரின்றேன், நீ அசையவே இல்ல. நாக்கக் கடிச்சிகினு வரைஞ்ச, சின்னப் புள்ள மாரி."

"மலை?"

"மலை இருந்திச்சி. பெருசா."

"நிறம்?"

பிராங்கிளின் கண்ணை மூடிக்கொண்டான். மஞ்சள் சேலை வந்தது. வீங்கின பாதம் வந்தது. அவள் காதோரத்தில் ஒட்டியிருந்த ஒரு சொட்டு நீலப் பெயிண்ட் வந்தது, அதைச் சொல்லாமல் மறைத்து ரயில் ஏறும்வரை தானே சிரித்துக்கொண்டது வந்தது. அவளுக்குப் பின்னால் ஒன்றுமே வரவில்லை. படகுக்கு அடிக்கிற நீலத்தில் பத்து வகை பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் அவன்.

வால்பாறையை எடுத்துக்கொண்டான். அங்கே மழை பிடித்துக்கொண்டதையும், தாள் நனையாமல் குடையை அவள் பக்கம் சாய்த்துவிட்டுத் தான் முழுசாக நனைந்ததையும், ராத்திரி காய்ச்சல் வந்து அவள் விடிய விடியத் திட்டியதையும் சொன்னான். அவள் சிரித்தாள், இந்தத் தடவை சிரிப்புத்தான். அவனுக்கு உயிர் வந்தது.

"ஆறு?" என்றாள்.

"பக்கத்துலயே ஓடிகினு இருந்திச்சி. சத்தம் கேட்டுச்சி."

"எப்படி... வளைஞ்சு?"

அவன் குரங்கணியை எடுத்துக் கீழே வைத்தான். இன்னொன்றை எடுத்தான், அதையும் வைத்தான். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். அவள் கை, அவள் பின்னங்கழுத்து வியர்வை, முடிந்துவிட்டது என்று பிரஷைக் காதில் செருகிக்கொள்கிற விதம். பத்தொன்பது மலைக்கு முன்னால் அவன் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"நான் மலையப் பாக்கவே இல்ல டீச்சர்" என்றான். "ஒன்னியத்தான் பாத்துகினு இருந்தேன்."

வேறு எந்த நாளில் இதைச் சொல்லியிருந்தாலும் அவள் பூரித்துப் போயிருப்பாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவன் இந்த மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. ஜானட் அவனை நிதானமாகப் பார்த்தாள். அவன் சொன்னது அவளுக்கு நன்றாகப் புரிந்தது என்பது அவள் கண்ணில் தெரிந்தது. அவள் கையை எடுத்து அவன் தலையில்கூட வைத்தாள். பிறகு அந்தக் கை தானாக நழுவி, தாள்கள் மேல் விழுந்தது.

"எனக்கு என் மலை வேணும்" என்றாள்.

ஒரு வார்த்தையும் குழறவில்லை, தடுக்கவில்லை. பின் பெஞ்சுக்குக் கேட்கும்படி வகுப்பில் பேசுகிற பழைய குரல். இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் சத்தமாக. "எனக்கு என் மலை வேணும்." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. வியாகுலம்மாள் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். கையில் அரிந்துகொண்டிருந்த வெங்காயம் அப்படியே இருந்தது.

"டேய், டீச்சரா பேசினது? முழுசாப் பேசிச்சே. கீழ வரைக்கும் கேட்டுச்சிடா எனக்கு."

"ஆமாக்கா."

அக்கா வெங்காயக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "இன்னா சொல்லிச்சி?"

பிராங்கிளின் கட்டிலைப் பார்த்தான். ஜானட்டின் முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மலை வேணுமாம்" என்றான்.

"அவ்ளோதானா. வர்ற மே மாசம் கூட்டிகினு போயேன். நான் புளிசாதம் கட்டித் தரேன்" என்றாள் அக்கா, அழுகையும் சிரிப்புமாக. இப்பவே கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். அவன் அவளைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

கட்டிலில் பரப்பியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தான். பாபநாசத்தில் இழுத்த எனாமல் இன்னும் சரியாகக் காயவில்லை. அது அவளுடைய போர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் அவள் திரும்பிப் பார்ப்பாள், விட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதன் ஒரு முனையைப் பிடித்தபடி, இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், அவன் உட்கார்ந்திருந்தான்.